வென்றவனுக்கு எதிரே நின்றவன்

அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரிலே, பல்கலைக்கழகக் கட்டிடங்களுக்கு அருகில், கொடி படர்ந்த பழைய செங்கற் சுவரொன்று நிற்கிறது. அது காத்து நிற்பதற்கு அங்கே மாளிகையுமில்லை, தோட்டமுமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஒக்டோபர் 13ஆம் திகதி நண்பகல் கழிந்ததும், முதியோரும் இளைஞருமாகப் பலர் அச்சுவரோரம் வந்து கூடுகின்றனர். 1960ஆம் ஆண்டு அதே நாளில் வானொலியில் ஒலித்த விளையாட்டு வருணனையின் ஒலிப்பதிவு பிற்பகல் 1 மணிக்கு ஆரம்பமாகிறது. முடிவு எல்லோருக்கும் மனப்பாடம். என்றாலும் 3 மணி 36 நிமிடமாகும்போது, அப்போதுதான் முதன்முறை கேட்பவர்கள் போல அனைவரும் ஆரவாரஞ் செய்கின்றனர். 1985இல் ஒரேயொரு ரசிகர் தனியே வந்து சுவரோரம் அமர்ந்து அந்த ஒலிப்பதிவைக் கேட்டதிலிருந்து வளர்ந்த வழக்கம் இது.

அச்சுவர், இப்போது இல்லாதுபோன ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தின் மதிலில் எஞ்சிய பகுதி. அன்று அங்கே பில் மசரோஸ்கி என்னும் வீரர் பந்தை இடப்புற மதிலுக்கு அப்பால் அடித்து, பிட்ஸ்பேர்க் பைரட்ஸ் அணிக்கு உலகக் கிண்ணத்துக்கு ஒப்பான வெற்றியை ஈட்டிக் கொடுத்தார். தொப்பியைக் கையிற் பிடித்துச் சுழற்றியபடி அவர் ஓடி வந்த காட்சி அமெரிக்கரின் நெஞ்சில் நிலைத்துவிட்டது. அந்தப் பந்தை வீசியவர் ரால்ப் டெரி என்பவர். வயது 24. மசரோஸ்கி தளங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது அவர் தலை குனிந்து மைதானத்தை விட்டு நடந்தார். அவ்வாறு நடந்து போனவர்களைப் பற்றியே இக்கிழமை எழுத எண்ணுகிறேன்.

அதற்கு முன்னர், பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றி நம் மாணவ வாசகர்களுக்குச் சில சொற்கள். நம் நாட்டில் எல்லே ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. மூங்கிற் கோலால் பந்தை அடித்துவிட்டு எல்லைகளைச் சுற்றி ஓடி வருவதுபோல, இங்கும் அடித்தவன் நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவந்தால் ஓர் ஓட்டம். பந்து நிலத்திற் படாமல் வீசப்படும். அடிக்கத்தக்க பந்துகள் மூன்றைத் தவறவிட்டவன் ஆட்டமிழப்பான். அடித்த பந்து நிலத்திற் படுமுன் பிடிக்கப்பட்டாலும் கிரிக்கெட்டிற் போலவே ஆட்டமிழப்புத்தான். மூவர் ஆட்டமிழந்தால் மறு அணியின் முறை வரும். இவ்வாறு ஒன்பது இன்னிங்ஸ். பந்து மதிலைத் தாண்டி மக்கள் நடுவே விழுந்துவிட்டால் அது ஹோம் ரன். அடித்தவனும், அவ்வேளை தளங்களில் நின்றவர்களும் ஆறுதலாகச் சுற்றி வந்து ஓட்டங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்கத் தொழில்முறைக் கழகங்கள் இளவேனிலில் ஆரம்பித்து இலையுதிர்காலம் வரை, முன்னாளில் 154 ஆட்டங்களும் பின்னாளில் 162 ஆட்டங்களும் ஆடி வருகின்றன. இரு சங்கங்களிலும் முதன்மை பெற்ற அணிகள் ஒக்டோபரில் மோதுவதே 'வேர்ல்ட் சீரீஸ்'. 1903இல் தொடங்கிய இப்போட்டி 1904இலும் 1994இலும் மாத்திரமே நடைபெறவில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் ஏழு ஆட்டங்களுள் முதலில் நான்கை வென்ற அணிக்கே வாகை. ஆறு மாதம் வெயிலில் ஆடிய நூற்றைம்பது ஆட்டங்களையும் மக்கள் மறந்துவிடுவார்கள். ஒக்டோபர்க் குளிரில் நிகழ்ந்த ஒரேயொரு கணத்தை அறுபது ஆண்டு சென்றாலும் மறக்கமாட்டார்கள். இதில் ஒரு அநியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்த அநியாயத்தின் நீளத்தை அறிய வேண்டுமானால் ஃபிரெட் ஸ்நோட்கிராஸ் என்பவரின் வாழ்க்கையைப் பார்க்கவேண்டும். 1912 ஒக்டோபர் 16ஆம் திகதி, பொஸ்டன் நகரில் இறுதி ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸிலும் சமநிலையாக முடிந்த ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் நியூயோர்க் ஜயண்ட்ஸ் ஓர் ஓட்டத்தால் முந்தியது. பொஸ்டன் வீரர் உயர அடித்த முதற் பந்து, நடு மைதானத்தில் நின்ற ஸ்நோட்கிராஸின் கையில் விழுந்து நழுவியது. சிறுவரும் பிடிக்கக்கூடிய பந்து அது. அடுத்த வீரர் அடித்த பந்தை அவர் ஓடிச்சென்று அருமையாகப் பிடித்தார் என்பதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதன்பின் வேறு மூவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, அவர்களுக்கிடையில் மிக எளிய பந்தொன்று நிலத்தில் விழுந்தது என்பதையும் நினைப்பாரில்லை. பொஸ்டன் இரு ஓட்டங்கள் பெற்று வென்றது. பத்திரிகைகள் கணக்குப் பார்த்து, 'முப்பதினாயிரம் டொலர் தவறு' என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டன.

ஸ்நோட்கிராஸ் பின்னர் கலிபோர்னியா மாநிலத்தில் வங்கித் தொழில் புரிந்தார். ஒக்ஸ்நார்ட் நகரின் மேயராகவும் விளங்கினார். 1974இல் தமது 86ஆவது வயதில் அவர் காலமானபோது, நியூயோர்க்கின் பெரிய பத்திரிகையொன்று அவரது மரணச் செய்தியின் தலைப்பிலேயே 1912இல் அவர் கைநழுவவிட்ட பந்தைக் குறிப்பிட்டது. அறுபத்திரண்டு ஆண்டுகள்! நகர பிதாவாக இருந்தவருக்கும் அந்த ஒரு பந்துதான் மிஞ்சியது.

ஸ்நோட்கிராஸுக்கு நேர்ந்தது தவறு. ரால்ப் பிராங்காவுக்கு நேர்ந்ததைத் தவறென்றும் சொல்வதற்கில்லை.

1951ஆம் ஆண்டு ஓகஸ்ட் நடுப்பகுதி நெருங்கியபோது புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணி, அதே நகரின் ஜயண்ட்ஸ் அணியைப் பதின்மூன்றரை ஆட்டங்களால் முந்தி நின்றது. யாரும் எட்டிப் பிடிக்கமுடியாத தூரம் அது. ஆனால் ஜயண்ட்ஸ் எட்டிப் பிடித்தது. சங்கத்தின் முதன்மையைத் தீர்மானிக்க மூன்று விசேட ஆட்டங்கள் நடந்தன. முதல் இரண்டையும் ஆளுக்கொன்றாக வென்றனர். ஒக்டோபர் 3ஆம் திகதி மூன்றாவது ஆட்டம்; கடைசி இன்னிங்ஸ்; டொட்ஜர்ஸ் 4, ஜயண்ட்ஸ் 1. வைற்றி லொக்மன் என்பவர் அடித்த பந்தினால் ஓர் ஓட்டம் கூடி 4க்கு 2 ஆயிற்று. இருவர் தளங்களில் நின்றனர். களைத்துப்போன வீச்சாளரை மாற்றிப் பிராங்காவை அழைத்தார்கள். அவர் 13ஆம் இலக்கச் சட்டை அணிந்தவர். 21 வயதிலேயே ஒரே பருவத்தில் 21 ஆட்டங்களை வென்று பெயர் பெற்றவர்.

எதிரே நின்றவர், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்த பொபி தொம்சன். முதற் பந்தை அவர் அடிக்காமல் விட்டார். இரண்டாவது பந்து இடப்புற மதிலைத் தாண்டி மக்கள் நடுவே விழுந்தது. 5க்கு 4! வானொலி வருணனையாளர் தம்மை மறந்து கூவிய கூவலை இன்றும் ஒலிபரப்புகிறார்கள். அன்று எடுக்கப்பட்ட இன்னொரு படமும் உண்டு. உடைமாற்றும் அறையின் படிக்கட்டுகளில் பிராங்கா தலைகவிழ்ந்து கிடக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கூவல் காதில் விழாது.

இக்கதைக்கு ஒரு பின்கதை உண்டு. ஜயண்ட்ஸ் அணியினர் தமது சொந்த மைதானத்தில், நடுப்புறக் கட்டிடத்து ஜன்னலில் தொலைநோக்கி வைத்து, எதிரணியின் பந்து பிடிப்பவர் விரல்களாற் காட்டும் இரகசியச் சைகைகளைக் கண்டு, மின்மணி மூலம் அறிவித்து வந்தார்கள் என்பது 2001இல் பத்திரிகை வாயிலாக வெளிப்பட்டது. வரப்போவது எத்தகைய பந்து என்பதை அடிப்பவன் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் சூழ்ச்சி அது. அந்த ஒரு பந்துக்குத் தாம் சைகை எதுவும் பெறவில்லையென்று தொம்சன் சொல்லிவந்தார். உண்மை அவருக்கே வெளிச்சம். நான் வியப்பது வேறொன்றை. பிராங்கா இச்சூழ்ச்சியைப் பற்றி 1954இலேயே ஒரு சக வீரர் மூலம் கேள்விப்பட்டிருந்தார். கேள்விப்பட்டும், தோற்றவன் சாக்குச் சொல்கிறான் என்று உலகம் நகைக்குமென எண்ணி, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாய்திறவாதிருந்தார். அதுமட்டுமன்று, அந்தத் தொம்சனோடு நட்புப் பூண்டு, கூட்டங்களில் இருவருமாக அருகருகே அமர்ந்து அந்த ஒக்டோபர்ப் படத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தும் வந்தார். தொம்சன் 2010இலும் பிராங்கா 2016இலும் காலமாயினர்.

பிராங்காவுக்குக் கிடைத்த நட்புக்கூடப் பில் பக்னருக்கு எளிதிற் கிடைக்கவில்லை.

1986 ஒக்டோபர் 25, சனிக்கிழமை இரவு. நியூயோர்க் ஷே மைதானத்தில் ஆறாவது ஆட்டம். பொஸ்டன் ரெட் சொக்ஸ் 1918க்குப் பின் வாகை சூடியதில்லை. தாத்தாவும் தந்தையும் காத்திருந்து ஏமாந்த வெற்றி அன்று கைக்கெட்டிவிட்டது போலிருந்தது. மூன்று ஆட்டங்களை வென்றாயிற்று. இன்னும் ஒன்றே வேண்டும். பத்தாவது இன்னிங்ஸில் 5க்கு 3 என்று முன்னணி. நியூயோர்க் மெட்ஸ் அணியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர், தளங்களில் எவருமில்லை. பொஸ்டன் வீரர்களை வாழ்த்தும் வாசகம் மைதானத்தின் பெரிய பலகையில் ஒரு கணம் தோன்றி மறைந்ததாம்.

அதன்பின் நடந்ததை நிதானமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் மக்கள் நினைவு இங்கேதான் பிழை செய்துவிட்டது. மெட்ஸ் வீரர் மூவர் அடுத்தடுத்து அடித்துத் தளமேறினர். ஓர் ஓட்டம் வந்தது. வீச்சாளர் மாற்றப்பட்டார். புதிய வீச்சாளரின் பந்தொன்று இலக்குத் தவறி அப்பாற் செல்ல, மற்றோர் ஓட்டமும் வந்தது. ஆட்டம் 5க்கு 5 என்று சமமாகிவிட்டது. அதாவது, பக்னரின் பக்கம் பந்து வருமுன்னரே பொஸ்டனின் முன்னணி கரைந்துபோயிற்று. பிறகே மூக்கி வில்சன் என்பவர், தாம் எதிர்கொண்ட பத்தாவது பந்தை நிலத்தோடு உருட்டி அடித்தார். முதலாந் தளத்தருகே நின்ற பக்னர் குனிந்தார். பந்து அவர் கால்களுக்கிடையே சென்றுவிட்டது. மெட்ஸ் 6, பொஸ்டன் 5. தொடர் அத்துடன் முடியவுமில்லை. இன்னோர் ஆட்டம் எஞ்சியிருந்தது. அதிலும் பொஸ்டன் முன்னணியிலிருந்தே 8க்கு 5 எனத் தோற்றது. இருந்தும் பழி முழுவதும் ஒருவர் தலையில் இறங்கியது.

அவர் யார்? 22 பருவங்கள் ஆடி 2,715 தடவைகள் பந்தை அடித்துத் தளமேறியவர். 1980இல் தமது சங்கத்தின் தலைசிறந்த அடிப்பாளர் என்னும் பட்டம் பெற்றவர். 1986இல் அவருக்கு 36 வயது. கணுக்கால்கள் இரண்டும் கெட்டு, வலியோடு ஆடிக்கொண்டிருந்தார். இறுதி இன்னிங்ஸ்களில் அவருக்குப் பதிலாக இளையவர் ஒருவரை நிறுத்துவதே முகாமையாளரின் வழக்கமாயிருந்தும், அன்று அவ்வாறு செய்யப்படவில்லை. வெற்றிக் கணத்தில் அந்த மூத்த வீரரும் மைதானத்தில் நிற்கட்டும் என்று எண்ணியதாகப் பலர் கருதுகின்றனர். அன்பினாற் செய்த காரியமாயின், அதன் விளைவு மிகக் கொடியது.

ஏச்சும் எள்ளலும் அவரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் தொடர்ந்தன. 1993இல் பொஸ்டன் பகுதியை விட்டு, தொலைவிலுள்ள ஐடஹோ மாநிலத்துக்கு அவர்கள் குடிபெயர்ந்தனர். பொஸ்டன் 2004இலும் 2007இலும் வாகை சூடிற்று. 2008 ஏப்ரலில் அவ்வெற்றியைக் கொண்டாடும் நாளில், முதற் பந்தை எறியப் பக்னரை அழைத்தார்கள். மைதானத்தின் இடப்புறப் பெருமதிலருகிலிருந்து அவர் தனியே நடந்து வந்தார். கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று நீண்ட நேரம் கரகோஷஞ் செய்தனர். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் ஒரு மைதானம் நிறைய இருக்கும்போது கைதட்டுவதைத் தவிர வேறு வழி ஏது? 2019 மே மாதத்தில், 69ஆவது வயதில் பக்னர் மறைந்தார்.

ஒக்டோபர் எல்லோரிடத்திலும் இவ்வளவு கடுமையாக நடந்துகொள்வதில்லை. சிலருக்கு மூன்றே நாட்களில் கணக்கைத் தீர்த்துவிடும். 1956இல் நியூயோர்க் யாங்கீஸ் அணியின் டொன் லார்சன், இரண்டாவது ஆட்டத்தில் 6க்கு 0 என்ற முன்னணியுடன் வீசியும், இரண்டாவது இன்னிங்ஸிலேயே தடுமாறி வெளியேற்றப்பட்டார். இரு ஆண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில் 21 ஆட்டங்களிற் தோற்றவரும் இவரே. ஒக்டோபர் 8ஆம் திகதி காலை உடைமாற்றும் அறைக்கு வந்தபோது, அவரது சப்பாத்துக்குள் ஒரு பந்து கிடந்தது. அன்று அவர்தாம் வீசவேண்டும் என்பதற்கு யாங்கீஸ் அணியில் அதுவே அறிவித்தல். அன்று அவர் 97 பந்துகள் வீசினார். புரூக்ளின் வீரர் 27 பேரும் வந்தவழியே திரும்பினர். ஒருவர்கூட முதலாந் தளத்தை மிதிக்கவில்லை. வேர்ல்ட் சீரீஸ் வரலாற்றில் அத்தகைய குறையற்ற ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைசி ஆட்டமிழப்பானதும் பந்து பிடிப்பவரான யோகி பேரா ஓடிவந்து, குழந்தைபோல் லார்சனின் மேல் தாவி ஏறிக்கொண்ட படம் உலகப் புகழ்பெற்றது. அதே மனிதர் தம் வாழ்நாளில் வென்ற ஆட்டங்கள் 81, தோற்றவை 91.

இனி, பிட்ஸ்பேர்க்கில் தலை குனிந்து நடந்தாரே ரால்ப் டெரி, அவரிடம் திரும்புவோம்.

1960இன் அத்தொடர் விநோதமானது. யாங்கீஸ் தான் வென்ற மூன்று ஆட்டங்களையும் 16க்கு 3, 10க்கு 0, 12க்கு 0 என்று வென்றது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து யாங்கீஸ் 55 ஓட்டங்கள், பைரட்ஸ் 27. கணக்கில் பாதிகூடப் பெறாத அணி வாகை சூடியது. தோற்ற இரவு டெரி, முதுபெரும் முகாமையாளர் கேசி ஸ்டெங்கலிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றாராம். எண்ணியபடி வீச முயன்றாயா என்று கிழவர் கேட்டார். ஆம், ஆனால் பந்து உயரப் போய்விட்டது என்றார் டெரி. அப்படியானால் தமக்கு வருத்தமில்லை என்ற கருத்துப்படக் கூறி ஸ்டெங்கல் அவரை அனுப்பிவைத்தார். சில நாட்களில் ஸ்டெங்கலின் பதவியே போய்விட்டது. பதவி போகுந் தறுவாயில் ஓர் இளைஞனைத் தேற்றிய அச்செயலுக்கு, அவர் வென்ற கோப்பைகளை விட நான் அதிக மதிப்பளிப்பேன்.

இரண்டு ஆண்டுகளின் பின், 1962 ஒக்டோபர் 16. சான் பிரான்சிஸ்கோவிற்குக் குடிபெயர்ந்துவிட்ட ஜயண்ட்ஸ் அணியுடன் யாங்கீஸ் மோதிய ஏழாவது ஆட்டம். நாட்கணக்காகப் பெய்த மழையால் தொடர் இழுபட்டிருந்தது. வீச்சாளர் டெரி. அவ்வாண்டு 23 ஆட்டங்களை வென்றவர் அவர். ஆறாவது இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழக்கும்வரை அவர் எவரையும் தளமேற விடவில்லை. யாங்கீஸ் பெற்றது ஒரேயோர் ஓட்டம். அதைக் காத்தபடி கடைசி இன்னிங்ஸ் வந்தது. முதல்வர் ஒருவர் தளமேறினார். அடுத்த இருவரை டெரி வீழ்த்தினார். அதன்பின் வில்லி மேய்ஸ். 1951இல் தொம்சனுக்கு அடுத்து அடிக்கவேண்டியவராகக் காத்து நின்ற அதே மேய்ஸ். அவர் வலப்புறம் விளாசினார். ரொஜர் மாரிஸ் விரைந்து பந்தை மறித்து எறிய, முன்னோடியவர் மூன்றாந் தளத்தில் நிறுத்தப்பட்டார். நிறுத்தியவர் யாரென்றால், 1951இல் நாம் சந்தித்த அதே வைற்றி லொக்மன், இப்போது பயிற்றுநர். மூன்றாந் தளத்தில் ஒருவர், இரண்டாந் தளத்தில் மேய்ஸ். ஓர் அடி போதும்; தோல்வி உறுதி.

அடிக்க வந்தவர் வில்லி மக்கோவி, ஆறடி நான்கங்குல உயரத்தவர். இத்தொடரில் டெரியின் பந்தில் ஏற்கெனவே ஹோம் ரன் அடித்தவர். முகாமையாளர் ரால்ப் ஹூக் மைதானத்துக்குள் நடந்து வந்தார். முதலாந் தளம் வெறுமையாக இருப்பதால் மக்கோவியை வேண்டுமென்றே அடிக்கவிடாமல் தளத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்தவருக்கு வீசலாம். உன் எண்ணம் என்ன என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாக மசரோஸ்கியின் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த மனிதரிடம் இத்தகைய கேள்வி! மக்கோவிக்கே வீசுகிறேன் என்றார் டெரி.

மக்கோவி அடித்த பந்து அம்புபோற் பாய்ந்தது. அது இரண்டாந் தளத்தின் பக்கம் நின்ற பொபி ரிச்சட்சனின் கைக்கு நேரே சென்று அடங்கியது. சற்று உயர்ந்திருந்தாலும், சற்று விலகியிருந்தாலும், டெரி இன்னோர் அறுபது ஆண்டுப் பழியைச் சுமந்திருப்பார். 1க்கு 0. தொடரின் சிறந்த வீரர் என்ற விருது ரால்ப் டெரிக்குக் கிடைத்தது. அவர் 2022இல் காலமானார்.

பந்தை அடித்த மக்கோவி 521 ஹோம் ரன்கள் அடித்து, 1986இல் பேஸ்போல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். எவ்வாறு நினைவுகூரப்பட விரும்புகிறீர்கள் என்று அவ்வேளை அவரைக் கேட்டார்கள். ஏழாவது ஆட்டத்தில் ரிச்சட்சனின் தலைக்கு மேலாகப் பந்தை அடித்தவன் என்று, எனப் பதிலளித்தாராம்.